ப்ளைவீல் ஜெனரேட்டர் வரைபடத்தை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா?

கேள்வி: ஐயா, கரூர் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ. படிப்பு. 2012-ல் மின்வெட்டு வந்தபோது கடையே படுத்துவிட்டது. அன்றிலிருந்து சொந்தமாகக் கரண்ட் எடுக்க வேண்டும் என்று ஒரு வெறி. இப்போது ஒரு மெஷின் செய்திருக்கிறேன். 1.5 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், பெல்ட், இரண்டடி விட்டத்தில் 40 கிலோ ப்ளைவீல் (கனத்த சுழல் சக்கரம்), அதிலிருந்து கரண்ட் உண்டாக்க ஒரு பழைய ஆல்டர்னேட்டர். ப்ளைவீல் 1,500 ஆர்.பி.எம். சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் 240 வோல்ட் காட்டுகிறது. பன்னிரண்டு 200 வாட் குண்டு பல்பு போட்டால் கிளாம்ப் மீட்டரில் 6 ஆம்பியர். மோட்டார் லைனில் இழுப்பது 5.2 ஆம்பியர்தான். பெருக்கினால் உள்ளே 1,196 வாட், வெளியே 1,440 வாட். பல்பு மட்டும் கொஞ்சம் மஞ்சளாக எரிகிறது. லைனை ஆஃப் செய்தாலும் சிறிது நேரம் எரிகிறது. ஆனால் ஆல்டர்னேட்டர் கரண்டையே மோட்டாருக்குத் திருப்பினால் வேகம் குறைந்து நின்றுவிடுகிறது. அது வயரிங் கோளாறு என்று நினைக்கிறேன். முகம் தெரியாத யார் யாரோ இலவசமாகக் கொடுத்த வரைபடங்களைப் பார்த்துத்தான் இதைக் கற்றேன். அதனால் நானும் எல்லோருக்கும் கொடுக்க ஆசைப்படுகிறேன். மைத்துனர் முதலில் பேட்டண்ட் (காப்புரிமை) வாங்கு என்கிறார். இன்னொருவர் 3 லட்சம் அட்வான்ஸ் தருகிறேன், பத்து மெஷின் செய்து கொடு என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பிறரிடம் இலவசமாகக் கற்றதைப் பிறருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அந்த எண்ணத்தை விட்டுவிடாதீர்கள். நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் கடைசியில், "கொடுங்கள்" என்றுதான் சொல்லப்போகிறேன். எதைக் கொடுப்பது என்பதில்தான் பேச்சு.

ஆற்றல் தணிக்கை என் தொழில். மில்களுக்கும் பவுண்டரிகளுக்கும் போய், உள்ளே போகும் கரண்ட் எங்கே செலவாகிறது என்று அளந்து சொல்வது வேலை. அதனால் உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போனது 1,440 வாட் மீது அல்ல, "மஞ்சளாக எரிகிறது" என்ற இடத்தின் மீது. 240 வோல்ட்டில் எரியும் 200 வாட் குண்டு பல்பு கண்ணைக் கூசும். பன்னிரண்டும் அப்படி எரிந்தால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் பல்புகள் 6 ஆம்பியர்தான் இழுக்கின்றன, அதுவும் மஞ்சளாக. அப்படியானால் அங்கே 240 வோல்ட் இல்லை. நீங்கள் வோல்ட்டைப் பல்பு போடாமல் அளந்திருக்கிறீர்கள், ஆம்பியரைப் பல்பு போட்டு அளந்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்கவில்லை. ஏ.வி.ஆர். (வோல்ட்டைச் சீராக வைக்கும் கருவி) இல்லாத பழைய ஆல்டர்னேட்டரில் லோடு ஏற ஏற வோல்ட் இறங்கும். பன்னிரண்டு பல்பும் எரியும்போது மீட்டரை டெர்மினலில் வைத்துப் பாருங்கள். என் கணிப்பு 90 வோல்ட் பக்கம். அப்படி வந்தால் 90 பெருக்கல் 6, வெறும் 540 வாட்.

உள்ளே போகும் 1,196-ம் வாட் இல்லை. அது வோல்ட்-ஆம்பியர். மோட்டாரில் பவர் பேக்டர் உண்டு, அதாவது வோல்ட்-ஆம்பியரில் ஒரு பங்குதான் உண்மையான வாட், என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 0.8 என்று வைத்தால் உண்மையில் 957 வாட். ஆக 957 உள்ளே போய் 540 வெளியே வருகிறது, சுமார் 56 சதவீதம். கையில் கிடைத்த பழைய சாமான்களைக் கோத்து, பெல்ட் போட்டு இவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்றால் உங்கள் அலைன்மென்ட்டும் பேரிங்கும் நன்றாகவே இருக்கின்றன. அந்தக் கைத்திறன் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆல்டர்னேட்டரை மோட்டாருக்குத் திருப்பியதும் நின்றுவிடுகிறது என்றீர்கள். அது வயரிங் கோளாறு அல்ல, நண்பரே. உங்கள் மெஷின் கொடுத்த ரீடிங்குகளிலேயே நம்பத்தக்கது அதுதான். 957 கேட்கும் மோட்டாருக்கு 540 கொடுத்தால் அது நிற்காமல் என்ன செய்யும்?

ப்ளைவீல் ஓர் உண்டியல். போட்டதைத்தான் எடுக்கலாம், அதுவும் கொஞ்சம் குறைத்து. நீங்கள் சொன்ன எடை, விட்டம், வேகம் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டேன். முழு வேகத்தில் அதில் இருப்பது சுமார் 22,000 ஜூல், அதாவது ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஆறு பங்கு. ஒரே ஒரு 100 வாட் பல்பை மூன்றரை நிமிடம் எரிக்கலாம். உங்கள் பன்னிரண்டு பல்புக்கு அரை நிமிடம் தாங்குவதே கஷ்டம். லைனை ஆஃப் செய்த பிறகு "சிறிது நேரம்" எரிந்தது இதனால்தான்.

இந்தக் கணக்கோடு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அந்தச் சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 47 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 170 கிலோமீட்டர். சாதாரண வார்ப்பிரும்புச் சக்கரத்துக்கு நொடிக்கு 30 மீட்டர் அளவில்தான் பழைய கையேடுகள் எல்லை வைத்திருக்கின்றன. உங்களுடையது எந்த இரும்பு, பாலன்ஸ் பார்த்ததா, சுற்றிலும் கார்டு (பாதுகாப்புக் கூண்டு) போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கும்வரை ஓட்டாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இன்னொன்று: லைனையும் ஆல்டர்னேட்டரையும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சரியான சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் வைத்திருக்கிறீர்களா? வெறும் வயரைப் பிடுங்கிச் செருகுகிறீர்கள் என்றால், ஈ.பி. லைன் ஆஃப் ஆகியிருக்கும் ஒரு நாளில் உங்கள் கரண்ட் பின்பக்கமாகப் போய்க் கம்பத்தில் நிற்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இப்போது என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். கிளாம்ப் மீட்டரை ஓரம் வையுங்கள். வாடகை வீடுகளில் போடும் சப்-மீட்டர் இரண்டு வாங்குங்கள், ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒன்று மோட்டாருக்கு முன்னால், ஒன்று ஆல்டர்னேட்டருக்குப் பின்னால். பவர் பேக்டர் எல்லாம் அதுவே பார்த்துக்கொண்டு நேரடியாக யூனிட் காட்டும். 90 வோல்ட்டில் அந்த மீட்டர் சரியாக வேலை செய்யாது. ஆகவே பல்புகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஆல்டர்னேட்டர் 220 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ப்ளைவீல் முழு வேகத்துக்கு வந்த பிறகு இரண்டு ரீடிங்கையும் குறியுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சக்கரம் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மறுபடி குறியுங்கள், அப்போதுதான் உண்டியலில் இருந்ததும் போனதும் கணக்கில் கலக்காது. பிறகு மீட்டர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு இன்னொரு மணி நேரம். ஒரு மீட்டர் கூடவோ குறையவோ காட்டினால் இந்த இடமாற்றத்தில் பிடிபட்டுவிடும். இவ்வளவுதான். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம்.

இதுபோன்ற மெஷின்களில் பேட்டரி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி ஒன்றிலேயே ஏறத்தாழ 1.8 யூனிட் அடைத்துக் கிடக்கிறது. அது தீரும்வரை மெஷின் தானே ஓடுவதுபோலத் தெரியும். நீங்கள் பேட்டரியே வைக்காமல் சோதித்தது நல்ல காரியம். யாருடைய வரைபடத்தைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்குள் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வெயில், காற்று, விழும் தண்ணீர், சாணம், விறகு, பூமியின் சூடு என்று ஏதாவது ஒன்றைக் கை காட்ட முடிய வேண்டும். மோட்டாரிலிருந்து ஆல்டர்னேட்டர், ஆல்டர்னேட்டரிலிருந்து மோட்டார் என்று வட்டத்தையே காட்டினால் அதில் ஊற்று இல்லை. பாரிஸ் அறிவியல் கழகம் இந்த மாதிரித் தானே சுற்றும் இயந்திர விண்ணப்பங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்தது 1775-ல்.

அப்படியானால் பட்டறைக்காரர்கள் ஆற்றல் விஷயத்தில் கை வைக்கவே கூடாதா? கை வைத்து உலகத்தையே மாற்றியிருக்கிறார்கள். டென்மார்க்கில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்ய நினைக்கும் காரியத்துக்கு அதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

அங்கே போல் லா கூர் என்ற ஆசிரியர் 1891-லேயே அஸ்கோவ் என்ற ஊரின் பள்ளியில் காற்றாலையிலிருந்து மின்சாரம் எடுத்தார், கிராமத்துப் பையன்களுக்கு அதைக் கற்றும் கொடுத்தார். அவரிடம் படித்த ஜொஹானஸ் யூல் என்பவர் 1957-ல் கெட்சர் என்ற கடற்கரை ஊரில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தினார். மூன்று இறக்கை. வேகம் மீறினால் இறக்கை நுனி திரும்பித் தானே பிரேக் பிடிக்கும். ஜெனரேட்டராக அவர் வைத்தது என்ன தெரியுமா? நீங்கள் தினமும் காயில் மாற்றுகிறீர்களே, அந்த இண்டக்ஷன் வகைதான். லைனில் இணைத்துவிட்டு, அதன் சிங்க்ரனஸ் வேகத்துக்கு (லைனின் அலைவரிசைக்கு ஒத்த வேகத்துக்கு) சற்று மேலே காற்று அதைச் சுழற்றினால் அது லைனுக்குக் கரண்ட் அனுப்பத் தொடங்கும். காற்று என்ற ஊற்று வெளியிலிருந்து வருவதால் இங்கே கணக்கு உதைக்கவில்லை.

1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது டென்மார்க் திணறியது. அப்போது களத்தில் இறங்கியவர்களில் பெரிய கம்பெனிக்காரர்கள் குறைவு. கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர், யூலின் வடிவத்தைச் சிறிதாக்கி 22 கிலோவாட் காற்று மில் ஒன்று செய்தார். ட்விண்ட் என்ற பள்ளியில் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975-ல் தொடங்கி 1978-ல் 2 மெகாவாட் காற்றாலையை எழுப்பினார்கள், இறக்கையின் விட்டம் 54 மீட்டர். அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்கள், அங்கே கற்ற கண்ணாடியிழை இறக்கை நுட்பம் சிறு மில் செய்பவர்கள் கைக்கும் போனது. கார்ல் எரிக் ஜோர்கன்சன் என்ற கொல்லரும், ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் சேர்ந்து செய்த காற்றாலையின் உரிமத்தை 1979-ல் வெஸ்டாஸ் வாங்கியது. விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனி பிறகு எங்கே போய் நின்றது என்பதைக் கயத்தாறு, முப்பந்தல் பக்கம் போய்வந்தவர்கள் அறிவார்கள். நம் ஊரின் தொடக்ககாலக் காற்றாலைப் பண்ணைகளுக்கு டென்மார்க்கின் உதவியும் வந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்கள் வரைபடத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளவில்லை. மில் வைத்திருந்தவர்கள் 1978-ல் சங்கம் அமைத்தார்கள். யாருடைய மில் அந்த மாதம் எத்தனை யூனிட் கொடுத்தது என்ற விவரம் அவர்களுடைய பத்திரிகையில் அச்சில் வந்தது. எது உடைந்தது, ஏன் உடைந்தது என்பதும் வெளியே வந்தது. எந்தத் தயாரிப்பு நன்றாக ஓடுகிறது, எது காற்றில் பறக்கிறது என்பதை வாங்குகிறவரும் செய்கிறவரும் ஒரே பக்கத்தில் பார்த்தார்கள். அதே ஆண்டில் அந்நாட்டின் ரிஸோ ஆய்வகத்தில் காற்றாலைச் சோதனை நிலையமும் வந்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் இல்லாத மில்லுக்கு அங்கீகாரம் இல்லை என்ற விதி இப்படி உடைந்த மில்களின் மேல் எழுந்த விதி. மறைத்து வைத்திருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே உடைத்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

1990-களில் நம் பக்கத்தில் நடந்ததையும் மறந்துவிடாதீர்கள். 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று நாடே பேசியது. அந்த மூலிகை எது, செய்முறை என்ன என்பது கடைசிவரை ரகசியம். வேறொருவர் தனியே செய்து பார்க்கும் வழியே இல்லை. 2016-ல் சென்னை நீதிமன்றம் ஒன்று அந்த வழக்கில் தண்டனை விதித்தது. அதே 1996-ல், தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயர் செய்தது மோசடி என்று அமெரிக்காவின் ஒஹையோ நீதிமன்றம் சொன்னது. அவரிடம் காப்புரிமைகள் பல இருந்தன. பேட்டண்ட் கையில் இருந்தால் மெஷின் ஓடும் என்று அர்த்தம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். நம் காப்புரிமைச் சட்டம் 1970-ன் 3(a) பிரிவு, நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. "போட்டதைவிட அதிகம் வருகிறது" என்று எழுதிய உடனே விண்ணப்பம் அங்கே நின்றுவிடும். அந்த வாசகத்தை எடுத்துவிட்டு மோட்டார், ப்ளைவீல், ஆல்டர்னேட்டர் இணைப்பு என்று மட்டும் எழுதினால், அதில் புதுமை இல்லை. ஆகவே இந்த மெஷினுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

ஆனால் நாளைக்கு நீங்கள் வேறொன்று கண்டுபிடிக்கலாம், அதற்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை வேண்டுமானால் யாருக்கும் காட்டுவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விடும். சில விதிவிலக்குகள் உண்டு, அவை மிகக் குறுகலானவை, அவற்றை நம்பி இறங்காதீர்கள். தனிநபர் ஆன்லைனில் தாக்கல் செய்ய 1,600 ரூபாய் கட்டணம். முழு விவரம் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழுதாகக் கொடுக்கலாம். பரிசோதனைக் கட்டணமும் ஏஜென்ட் கட்டணமும் தனி. கொடுத்தால் 20 ஆண்டு உரிமை. சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

மாறாக, எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால், தேதி தெரியும்படி, இன்னொருவர் படித்துச் செய்யும் அளவுக்கு முழு விவரத்தோடு வெளியிடுங்கள். அதற்குப் பிறகு வேறு யாரும் அதே பொருளுக்கு நேர்மையாகக் காப்புரிமை வாங்க முடியாது. "திருடிவிடுவார்கள்" என்ற பயத்துக்கு அதுவே பாதி மருந்து. மீதிப் பாதிக்கு மருந்து இல்லை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். அதை மனதார ஒப்புக்கொள்கிறவர்தான் திறந்து கொடுக்க வேண்டும்.

3 லட்சத்தை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் வங்கி வழியாகவே திருப்பிக் கொடுத்து, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஓடாது என்று தெரிந்த பிறகு அந்தப் பணம் உங்கள் கையில் ஒரு நாள் இருப்பதும் ஆபத்து. இன்றைக்கு உங்கள் மேல் எந்தப் பழியும் இல்லை, நீங்கள் நம்பித்தான் செய்தீர்கள். பத்துப் பேருக்கு விற்ற பிறகு அதைச் சொன்னால் போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது.

ஆக, எதைக் கொடுப்பது? அளந்ததைக் கொடுங்கள். மெஷினின் படம், மோட்டார் நேம்பிளேட், புல்லி அளவு, சப்-மீட்டர் ரீடிங்குகள், மஞ்சளாக எரிந்த பல்பு, லோடு போட்டபோது இறங்கிய வோல்ட், திருப்பிக் கொடுத்ததும் நின்றுபோனது, எல்லாவற்றையும். "நான் முதலில் 1,440 வாட் என்று நினைத்தேன், அளந்து பார்த்ததில் இவ்வளவுதான்" என்று உங்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள். இப்போது இந்த நிமிடம் ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ யாரோ ஒருவர் இதே வரைபடத்தைப் பார்த்து, மனைவியின் நகையை அடகு வைத்து ப்ளைவீல் வாங்கக் கிளம்பியிருக்கலாம். பேராசிரியர் சொன்னால் "இவர்களுக்கு என்ன தெரியும்" என்பார். மோட்டார் காயில் கட்டுகிறவர் மீட்டரோடு சொன்னால் கேட்பார். உங்களுக்குக் கிடைத்த இலவச வரைபடங்களில் இல்லாத ஒரே பக்கம் அதுதான். அதை நீங்கள் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கைக்கு ஏற்ற அடுத்த வேலையும் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஸ்கோரேக் என்று ஒரு தீபகற்பம். சாலை கிடையாது, படகில் போக வேண்டும் அல்லது நடக்க வேண்டும். ஈ.பி. லைனும் இல்லை. அங்கே குடியேறிய ஹியூ பிகாட் என்பவர் 1970-களிலிருந்து பழைய வண்டிச் சாமான்களைக் கொண்டு சிறு காற்றாலைகள் செய்தார், யாரும் பார்த்துச் செய்யும்படி வரைபடமும் செய்முறையும் எழுதி வெளியிட்டார். இரண்டு இரும்புத் தட்டுகளில் காந்தம் ஒட்டி, நடுவில் ரெசினில் வார்த்த காயில் தட்டு வைக்கும் வடிவம் அது. இன்று பல நாடுகளில் பட்டறைக்காரர்கள் அதைச் செய்து ஓட்டுகிறார்கள், தங்கள் அளவுகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் கஷ்டமான பாகமே காயில் கட்டுவது. உங்களுக்கு அது சர்வசாதாரணம். உங்கள் ஊரில் காற்று போதுமா என்று முதலில் ஒரு வருடமாவது அளந்து பாருங்கள், கூரை மேல் வைத்தால் போதாது, மரங்களுக்கு மேலே எழும் கம்பம் வேண்டும். காற்று இல்லை என்றால் மலைப்பக்கத்து ஓடைகளில் வைக்கும் சிறு நீர் டர்பைன்களுக்கும் இதே காயில் வேலைதான். கர்நாடகத்தின் மலைநாட்டு விவசாயிகள் பலர் ஒரு கிலோவாட் அளவில் அப்படி ஓட்டுகிறார்கள்.

ப்ளைவீலுக்கு கார்டு, சேஞ்ச்-ஓவர் சுவிட்ச், அட்வான்ஸ் விவகாரம், இந்த மூன்றையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். பிறகு சப்-மீட்டர் ரீடிங் நான்கையும், மீட்டர் இடம் மாற்றிய பிறகு எடுத்த நான்கையும் எனக்கு எழுதுங்கள். என் 90 வோல்ட் கணிப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். நீங்கள் சம்மதித்தால் அப்படியே வெளியிடலாம்.